சேலம், நாமக்கல் மகளிர் சுய உதவிக் குழுக்கள்

சேலம், நாமக்கல் மகளிர் சுய உதவிக் குழுக்கள் என்பன இம்மாவட்டங்களின் ஊர்களிலும் நகர்ப்புறக் குடியிருப்புகளிலும் வாழும் ஏழைப் பெண்கள் ஒன்றுகூடிச் சேமித்து, அச்சேமிப்பின் வலிமையால் கடன் பெறும் சிறு அமைப்புகள் ஆகும். அரசு, தொண்டு நிறுவனங்கள், வங்கிகள், பெண்கள் ஆகிய நான்கு தரப்பினரின் கூட்டு முயற்சியாக இவை உருவாயின.

பின்னணி

சேலம் நகரின் செவ்வாப்பேட்டை, சிவதாபுரம் பகுதிகளில் வெள்ளிக் கொலுசுத் தொழிலும், அம்மாபேட்டை, குகை பகுதிகளில் நெசவும் நெடுங்காலமாக நடைபெறுகின்றன. நாமக்கல் கோழிப் பண்ணைகளுக்கும் சரக்குந்துத் தொழிலுக்கும் பெயர் பெற்றது. இத்தகைய தொழில்களில் கூலி பெறும் குடும்பங்களுக்கு ஈடாக வைக்க நிலமோ நகையோ இருப்பது அரிது. எனவே மருத்துவம், திருமணம், கல்வி ஆகிய செலவுகளுக்கு முதலாளியிடம் முன்பணமோ கந்து வட்டிக் கடனோ பெறும் நிலை உண்டாகிறது. மாதம் 10 விழுக்காடு வட்டியில் பெற்ற 5,000 ரூபாய்க்கு வட்டி மட்டும் மாதம் 500 ரூபாய் ஆகும். அசல் அப்படியே நிற்கும்.

வரலாறு

தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் 1983 இல் தொடங்கப்பட்டது. ஐக்கிய நாடுகளின் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியுடன் 1989 இல் தர்மபுரி மாவட்டத்தில் தொடங்கிய மகளிர் மேம்பாட்டுத் திட்டம், 1991-92 இல் சேலம் மாவட்டத்திற்கு விரிவாக்கப்பட்டது. அப்போது நாமக்கல் சேலம் மாவட்டத்தின் ஒரு பகுதியாக இருந்தது. 1997 இல் தனி மாவட்டமாயிற்று. இத்திட்டத்தின் பட்டறிவைக் கொண்டு 1997-98 இல் மாநில அரசு 'மகளிர் திட்டம்' என்பதைத் தொடங்கியது.

தொடக்கத்தில் சிற்றூர்களை மையமாகக் கொண்ட இம்முறை பின்னர் நகரங்களுக்கும் பரவியது. நடுவண் அரசின் பொன்விழா நகர்ப்புற வேலைவாய்ப்புத் திட்டமும் (1997), அதற்குப் பதிலாக 2013 இல் வந்த தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கமும் நகர்ப்புறக் குழுக்களுக்கு உதவின. பிந்தையதன் கீழ் குழுக்கடனுக்கு 7 விழுக்காட்டிற்கு மேற்பட்ட வட்டியை அரசு ஏற்றது.

செயல்படும் முறை

மகளிர் திட்டக் குழுவில் பொதுவாக 12 முதல் 20 பெண்கள் இருப்பர். ஊக்குநரும் பிரதிநிதிகளும் உறுப்பினர்களால் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். கூட்டம், சேமிப்பு, உள்கடன், திருப்பிச் செலுத்துதல், கணக்கு ஆகிய ஐந்தும் தவறாது நடைபெற வேண்டும்.

எடுத்துக்காட்டாக, 15 பேர் மாதம் 100 ரூபாய் சேமித்தால் ஓராண்டில் 18,000 ரூபாய் சேரும். இதிலிருந்து மாதம் 2 விழுக்காடு வட்டியில் 5,000 ரூபாய் உள்கடன் பெறுபவர் முதல் மாதம் 100 ரூபாய் வட்டி கட்டுவார். அவ்வட்டியும் குழுவின் நிதியிலேயே சேரும். ஏறத்தாழ ஆறு மாதங்களுக்குப் பின் வங்கி குழுவைத் தர மதிப்பீடு செய்து கடன் வழங்குகிறது. இங்கு ஈடாக அமைவது சொத்து அன்று; குழுவின் கணக்குப் புத்தகமும் உறுப்பினர் ஒருவர்மீது ஒருவர் வைத்த நம்பிக்கையுமே ஆகும். நபார்டு வங்கி 1992 இல் தொடங்கிய வங்கி இணைப்புத் திட்டம் இதற்கு வழி செய்தது.

வங்காளதேசத்தின் கிராமின் வங்கி முறையில் வங்கியே சிறு குழுக்களை அமைத்துக் கடன் தருகிறது. சுய உதவிக் குழுவிலோ சேமிப்பு முதலில் வருகிறது. கடன் பின்னர் வருகிறது.

பயன்களும் குறைகளும்

அவசரச் செலவுக்குக் கந்து வட்டியை நாடும் தேவையை இக்குழுக்கள் குறைக்கின்றன. பெண்கள் வங்கிக்கும் அரசு அலுவலகங்களுக்கும் நேரில் சென்று பேசும் பழக்கமும், குடிநீர், சாலை விளக்கு போன்ற தேவைகளைக் கூட்டாகக் கோரும் வழக்கமும் உண்டாகின்றன.

எனினும் பெண்ணின் பெயரில் பெற்ற கடனை ஆண்களே செலவிடுவதும், ஒரு கடனை அடைக்க மற்றொரு கடன் வாங்குவதும் குறைகளாகச் சுட்டப்படுகின்றன. நகர்ப்புறங்களில் வாடகை வீடு மாறிச் செல்லும் குடும்பங்கள் குழுவில் நிலைப்பது கடினம். மாதந்தோறும் சேமிக்க இயலாத மிக வறிய குடும்பங்கள் குழுவிற்கு வெளியே நின்றுவிடுவதும் உண்டு. குழுக்கடன் வட்டிச் சுமையைக் குறைக்கும், கூலியை உயர்த்தாது. ஆகவே நிலையான வேலையும் நியாயமான கூலியும் சேரும்போதே குடும்பம் வறுமையிலிருந்து முழுமையாக மீள இயலும்.

இவற்றையும் பார்க்க

சிறுகடன்
கந்து வட்டி
கூட்டுறவு
சேலம் மாவட்டம்
நாமக்கல் மாவட்டம்