சர்தார்ஜியும் பூரிக்கட்டையும்

ஒரு பல்பு மாட்ட எத்தனை சர்தார்ஜிகள் வேண்டும்? ஐந்து பேர். ஒருவர் மேசைமேல் ஏறி பல்பைப் பிடித்துக்கொள்வார்; மற்ற நால்வரும் மேசையைச் சுற்றுவார்கள். இதை எனக்குச் சொன்ன பள்ளித் தோழன் அதுவரை ஒரு சீக்கியரையும் நேரில் பார்த்ததில்லை. நானும்தான். ஆனாலும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

பிறகுதான் தெரிந்தது, அதே பல்பும் அதே மேசையும் அமெரிக்காவில் போலந்துக்காரர்கள் பெயரில் இருக்கின்றன என்று. ஆங்கிலேயருக்கு முட்டாள் அயர்லாந்துக்காரர், பிரெஞ்சுக்காரருக்கு பெல்ஜியத்தவர், பிரேசில்காரருக்கு போர்ச்சுகீசியர். சுவீடனும் நார்வேயும் ஒன்றையொன்று கலாய்க்கின்றன. ‘ஃபிலோகெலோஸ்’ என்ற பழைய கிரேக்க நகைச்சுவைத் தொகுப்பில் அப்தெரா ஊர்க்காரர்களும் மடையர்களாக வருகிறார்கள். அணுக்களைப் பற்றி யோசித்த டெமாக்ரிடஸ் பிறந்த ஊர் அது!

இப்படி ஊர் ஊராக அலையும் ஜோக்கில், கேலிக்கு ஆளானவரைப் பற்றிய தகவல் என்ன இருந்துவிட முடியும்? பிரிட்டனின் சமூகவியலாளர் கிறிஸ்டி டேவிஸ் இந்த ஜோக்குகளை நாடு நாடாகத் தேடிச் சேர்த்தவர். முட்டாளாக்கப்படுபவர் பெரும்பாலும் பரம எதிரி அல்ல, பக்கத்து வீட்டுக்காரர் என்றார். பேச்சிலும் பழக்கத்திலும் நம்மைப் போலவே இருப்பவர், ஆனால் ஓரத்தில் நிற்பவர். நாம் நடுவில் இருக்கிறோம் என்று நமக்கே சொல்லிக்கொள்ள அவர் தேவைப்படுகிறார். ஜோக் வெறும் வெப்பமானி, அது காய்ச்சலைக் காட்டும், உண்டாக்காது என்பது டேவிஸின் கட்சி.

எனக்கு அங்கேதான் இடிக்கிறது. நம் வார இதழ்களின் நிரந்தர நாயகி, பூரிக்கட்டையோடு நிற்கும் மனைவி. எதிரே தலையில் கட்டோடு கணவன். ஐந்தாவது தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்போ (2019-21), இந்தியாவில் 18 முதல் 49 வயதுக்குள் மணமான பெண்களில் சுமார் 29 சதவீதம் பேர் கணவனின் வன்முறைக்கு ஆளானதாகச் சொல்கிறது. வெப்பமானியைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறோம். அடி வாங்குபவர் கையில் கட்டையைக் கொடுத்துவிட்டுச் சிரிக்கிறோம்.

2008இல் அமெரிக்க உளவியலாளர் தாமஸ் ஃபோர்டும் சகாக்களும் ஆண்களிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். பெண்களை மட்டம்தட்டும் ஜோக்குகளைப் படித்தபின், ஒரு பெண்கள் அமைப்புக்கு எவ்வளவு நன்கொடை தருவீர்கள் என்று கேட்டார்கள். ஏற்கெனவே பெண்கள்மீது வன்மம் கொண்டிருந்தவர்கள் கையைச் சுருக்கினார்கள். மற்றவர்களிடம் அந்தச் சுருக்கம் இல்லை. ஜோக் புதிதாக வெறுப்பை ஊற்றவில்லை. உள்ளே இருந்ததற்குக் கதவைத் திறந்துவிட்டது.

இதில் வியப்பு என்னவென்றால், அதே மட்டமான கருத்தை ஜோக்காக இல்லாமல் நேர்வாக்கியமாகப் படித்தபோது கதவு திறக்கவில்லை. நேராகச் சொன்னதைக் கேட்டால் ‘இது தப்பு’ என்று மனசுக்குள் யாரோ ஒருவர் எழுந்து நிற்கிறார். ‘சும்மா தமாஷுக்குப்பா’ என்றதும் அவர் உட்கார்ந்துவிடுகிறார்.