இறுகிய ஒட்சிசன் உணரியும் அதனை அகற்றும் முறையும்

மோட்டார் வண்டியின் எஞ்சினிலே பெற்றோல் முற்றாக எரிவதற்கு அளவான வளி வேண்டும். நிறைப்படி ஒரு பங்கு பெற்றோலுக்கு ஏறக்குறைய 14.7 பங்கு வளி தேவையாகும். வளி குறையின் காபனோரொட்சைட்டு என்னும் நச்சுவாயு மிகும். வளி மிகின் நைதரசனின் ஒட்சைட்டுக்களைப் புகைக்குழாயிலுள்ள ஊக்கி மாற்றமாட்டாது. ஆகவே, புகையில் எஞ்சிய ஒட்சிசனை அளந்து அதற்கேற்ப எரிபொருளைக் கூட்டியும் குறைத்தும் அமைத்தல் அவசியமாயிற்று. இவ்வளவீட்டைச் செய்வதே ஒட்சிசன் உணரி. செருமனியின் பொஷ் நிறுவனம் ஆக்கிய இவ்வுணரி 1976 ஆம் ஆண்டிலே சுவீடன் நாட்டு வொல்வோ வண்டிகளில் இடம்பெற்றது.

உணரியின் நுனி சேர்க்கோனியம் ஈரொட்சைட்டினால் ஆனது. இருபுறமும் பிளாற்றினம் பூசப்பெற்றது. ஒருபுறம் வெளிவளியையும் மறுபுறம் புகையையும் தொடும். ஏறக்குறைய 300 பாகை செல்சியசுக்கு மேல், இருபுறத்து ஒட்சிசன் வேறுபாட்டுக்கேற்ப அதில் மின்னழுத்தம் தோன்றும். எரிபொருள் மிகின் அது 0.9 உவோற்றை அணுகும், குறையின் 0.1 உவோற்றளவில் நிற்கும். முதுமையுற்ற உணரி காலந்தாழ்த்திக் காட்டும். அதனால் எரிபொருள் வீணாவதோடு விலையுயர்ந்த ஊக்கியும் கெட்டுப்போகலாம்.

பழைய வண்டியில் உணரியை மாற்றுதல் எளிதன்று. அதன் உருக்குப் புரிகள் பல்லாண்டு காலம் மாறிமாறிச் சூடேறிக் குளிர்ந்தவை. அங்கு படரும் துரு, தான் தோன்றிய இரும்பினும் கூடிய இடத்தைக் கொள்ளுமாதலின், புரிகளுக்கிடையே ஆப்புப்போற் செறிந்துவிடும். இந்நிலையில் வன்மையாகத் திருகின் புரிகள் சிதையும். சிலவேளை வார்ப்பிரும்புக் குழாயே வெடிக்கும். சிறு பொருளொன்றை மாற்றப் புகுந்தவர் பெரும் பொருளொன்றை வாங்க நேரிடும்.

ஆகவே பொறுமையே முதற் கருவி. எஞ்சின் குளிர்ந்திருக்கையில் ஊடுருவும் எண்ணெயை இட்டு ஓரிரவு விடுதல் நன்று. பற்றரியின் எதிர்முனை இணைப்பைக் கழற்றி, பழைய உணரியின் கம்பியை வெட்டிவிட்டால், ஆறு முகங்களையும் பற்றும் 22 மில்லிமீற்றர் வளைய ஸ்பானரை இடலாம். பிளவுள்ள கருவி விரிந்து வழுக்கும். அசையாவிடின், எண்ணெயை நன்கு துடைத்து, எரிபொருட் குழாய்களுக்குத் தீ அணுகாவண்ணம் காத்து, உணரியைச் சூழ்ந்த உலோகத்தை ஊதுவிளக்கால் வெப்பமாக்கலாம். உலோகம் விரிகையில் அதிலுள்ள துவாரமும் விரியும். உணரியோ அத்துணை சூடேறாமையால் பிடி தளரும். சிறிது அசைந்ததும் முன்னும் பின்னுமாகத் திருகல் வேண்டும். ஒரே போக்கில் இழுத்தல் புரிக்குக் கேடு. மூடிய கொட்டிலில் எஞ்சினை இயக்கல் உயிருக்கு ஆபத்தாகும்.

உணரி கழன்றபின், 18 மில்லிமீற்றர் விட்டமும் 1.5 மில்லிமீற்றர் புரியிடையும் கொண்ட புரிவெட்டியால் பெரும்பாலான குழாய்களின் புரிகளைத் துப்புரவாக்கலாம். புதிய உணரியின் புரிகளில் ஏற்கெனவே பசை பூசப்படாதிருப்பின், இறுகாமற் காக்கும் பசையைச் சிறிது பூசுக, நுனியிலே படவிடலாகாது. சிலிக்கன் கலந்த அடைப்புப் பசைகளும் ஈயங் கலந்த பெற்றோலும் அந்நுனிக்கு நஞ்சாகும். பின்னர் உற்பத்தியாளர் குறித்த அளவுக்கு மட்டும் முறுக்குதல் தகும்.

வெப்பத்தின் தொழிலால் இறுகியதை வெப்பத்தின் இயல்பறிந்தே நெகிழ்த்தல் இயலும். வலிமை தோற்குமிடத்திற் பௌதிக அறிவு வெல்லும் என்பதற்கு இச்சிறு திருத்தவேலை தக்க சான்றாகும்.