நடுவானில் "ஓரங்கட்ட" முடியாது!

காரில் போகிறோம். திடீரென்று என்ஜின் நின்றுவிடுகிறது. என்ன செய்வோம்? வண்டியை ஓரமாகத் தள்ளி நிறுத்துவோம். மெக்கானிக்குக்கு ஆள் அனுப்பிவிட்டு, புளியமர நிழலில் உட்கார்ந்திருப்போம்.

ஆகாய விமானத்தில் அது நடக்குமா? அங்கே புளியமரமும் கிடையாது, ஓரமும் கிடையாது.

உலகெங்கும் ஆயிரக்கணக்கான சிறிய விமானங்கள் பறக்கின்றன. அவற்றில் பெயர் பெற்றது "செஸ்னா 172". அமெரிக்காவில் 1956-ம் ஆண்டு விற்பனைக்கு வந்தது. நான்கு பேர் போகலாம். இதற்கு ஒரே ஒரு என்ஜின்.

அது நின்றால், விமானம் கல்லைப்போல விழுந்துவிடாது. சறுக்கிக்கொண்டே இறங்கும். 1,000 மீட்டர் உயரத்தில் நின்றுபோனால், சுமார் 9 கிலோமீட்டர் தூரத்துக்குள் ஒரு வயலையோ, திடலையோ விமானி தேடிப் பிடிக்க வேண்டும். இரவாக இருந்தால்? கீழே காடாக இருந்தால்?

ஆகவே, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே என்ஜினைக் கழற்றிப் பார்ப்பதுதான் வழக்கம்.

சந்திரனுக்குப் போகும் தூரம்

1968-ம் ஆண்டுக்குப் பிறகு வந்த செஸ்னா 172 விமானங்களில் பெரும்பாலும் "லைகமிங்" என்ற என்ஜின் இருக்கிறது. இடப்பக்கம் இரண்டு, வலப்பக்கம் இரண்டு என்று நான்கு சிலிண்டர்கள் படுக்கை வசத்தில் இருக்கும். தண்ணீர் ஊற்றும் வேலை இல்லை. எதிர்க் காற்றே சூட்டைத் தணிக்கும்.

2,000 மணி நேரம் ஓடியதும், அல்லது 12 ஆண்டு ஆனதும், இதைப் பிரித்துப் புதுப்பிக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. மணிக்கு 200 கிலோமீட்டர் வேகம் என்று வைத்துக்கொண்டால், அதற்குள் 4 லட்சம் கிலோமீட்டர் பறந்திருக்கும். சந்திரனுக்கே போய்ச் சேர்ந்திருக்கலாம்!

சாவியை அணைத்தாலும் ஆபத்து

இந்த என்ஜினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு பிளக்குகள். அவற்றுக்கு நெருப்புப் பொறி கொடுக்க "மாக்னெட்டோ" என்ற சிறு கருவிகள் இரண்டு. ஒன்று கெட்டாலும் மற்றொன்று காப்பாற்றும். மாக்னெட்டோவுக்கு பாட்டரி தேவை இல்லை. சுழலும்போது தானே மின்சாரம் உண்டாக்கிக்கொள்ளும்.

இந்த நன்மையிலேயே ஓர் ஆபத்தும் இருக்கிறது. சாவியைத் திருப்பினால் மாக்னெட்டோ அணைவது ஒரு மெல்லிய கம்பியின் மூலம். அந்தக் கம்பி அறுந்திருந்தால் சாவி அணைந்திருக்கும், மாக்னெட்டோ அணைந்திராது. விஷயம் தெரியாமல் முன்னால் உள்ள விசிறியைக் கையால் தள்ளினால், என்ஜின் சட்டென்று உயிர் பெற்று வெட்டிவிடும். கை போனவர்களும் உண்டு. உயிர் போனவர்களும் உண்டு. அதனால், விசிறி எப்போதும் ஓடத் தயாராக இருக்கிறது என்று எண்ணியே மெக்கானிக் அதன் அருகே போவார்.

வால் குத்தி உட்காரும்!

என்ஜினின் எடை 100 கிலோவுக்கு மேல். அதை இறக்குவதற்கு முன் வாலுக்கு முட்டுக் கொடுக்கிறார்கள். ஏன்? மூக்கில் உள்ள கனம் போய்விட்டால், விமானம் வால் குத்தி உட்கார்ந்துவிடும்!

பெட்ரோல் வழியை அடைக்கிறார்கள். விசிறியைக் கழற்றுகிறார்கள். ஒவ்வொரு கம்பிக்கும், குழாய்க்கும் பெயர் எழுதிய சீட்டுக் கட்டுகிறார்கள். திறந்த வாய்களுக்கெல்லாம் மூடி போடுகிறார்கள். ஒரு சிறு நட்டு உள்ளே விழுந்தாலும் போதும், என்ஜின் பாழ். பிறகு சங்கிலிக் கப்பியில் மாட்டித் தூக்குகிறார்கள்.

பட்டறையில் என்ஜினைப் பிரித்து, சாமான்களைக் கழுவிப் பரப்புகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத விரிசலைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. எஃகுத் தண்டுக்குக் காந்த சக்தி ஏற்றி, இரும்புப் பொடி கலந்த ஒளிரும் திரவத்தை மேலே ஊற்றுகிறார்கள். விரிசல் இருந்தால் பொடி அங்கே போய் ஒட்டும். இருட்டில் புற ஊதா விளக்கைக் காட்டினால், மயிரிழைக் கீறலும் பச்சைக் கோடாகப் பளிச்சிடும். அந்தத் தண்டு மறுபடி விமானம் ஏறாது.

இறுக்கினாலும் தப்பு, தளர்ந்தாலும் தப்பு

திரும்பப் பூட்டுவதுதான் கடினமான கட்டம். பலம் கொண்ட மட்டும் நட்டை இறுக்குவது இங்கே கெட்டிக்காரத்தனம் அல்ல. அதிகம் இறுக்கினால் போல்ட்டு இழுபட்டு முறியும். தளர்வாக விட்டால், ஓடும் அதிர்ச்சியில் போல்ட்டுகள் ஒவ்வொன்றாக அறுந்து சிலிண்டரே கழன்றுவிடக்கூடும். எவ்வளவு முறுக்க வேண்டும் என்று புத்தகத்தில் அளவு இருக்கிறது. அந்த அளவைக் காட்டும் ஸ்பானரால்தான் முறுக்குகிறார்கள். அதிர்ச்சியில் கழலாதபடி, பல போல்ட்டுகளின் தலையில் முறுக்குக் கம்பியும் கட்டுகிறார்கள். வேலையைச் செய்தவர் பதிவுப் புத்தகத்தில் கையெழுத்துப் போட வேண்டும்.

கடைசியில் ஸ்பானர்களை எண்ணுகிறார்கள். ஒன்று குறைந்தால், அது கிடைக்கும்வரை விமானம் நகராது.

புதுப்பித்த என்ஜினை உடனே ஓட்டுவதில்லை. பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஸ்டார்ட்டரால் சும்மா சுற்றுகிறார்கள். எண்ணெய் எல்லா இடத்துக்கும் போய்ச் சேர வேண்டும் அல்லவா?

அடுத்தது வேடிக்கை. புதுக் காரை மெதுவாக ஓட்டிப் பழக்குவது நம் வழக்கம். விமான என்ஜினுக்கு அது ஆகாது! நல்ல வேகத்தில் ஓடினால்தான் பிஸ்டன் வளையங்கள் சிலிண்டர் சுவரில் அழுந்திப் படியும். தரையிலேயே உறுமவிட்டால் சூடுதான் ஏறும். சுவரில் வார்னிஷ் பூசியதுபோல எண்ணெய் படிந்துவிடும். ஆகவே ஒழுக்கு இல்லை என்று பார்த்ததும், பயணிகள் இல்லாமல் மேலே கிளம்பி, முக்கால் பங்கு சக்திக்குக் குறையாமல் ஓட்டுகிறார்கள். விமானி, நிலையத்தின் மேலேயே வட்டமிடுவார். மெக்கானிக் செய்த தவறு ஏதாவது இருந்தால், முதல் சில மணி நேரத்தில்தான் பெரும்பாலும் வெளிப்படும்.

64 நாள் இறங்கவில்லை

இப்படிப் பூட்டிய ஓர் என்ஜின் எவ்வளவு தாங்கும்? அமெரிக்காவில் லாஸ் வேகாஸ் நகரில் ராபர்ட் டிம், ஜான் குக் என்ற இருவர் அதைக் காட்டினார்கள்.

அவர்களுடையதும் செஸ்னா 172தான். ஆனால் அக்காலத்து "கான்டினென்டல்" என்ஜின். இறங்காமல் பறந்து சாதனை செய்ய டிம் முதலில் செய்த மூன்று முயற்சிகளும் கோளாறுகளால் தோற்றன. ஒரு முறை வால்வுகள் கருகிவிட்டன. பிறகு புது என்ஜினைக் கழற்றிவிட்டு, ஏற்கெனவே சுமார் 450 மணி நேரம் ஓடியிருந்த பழைய என்ஜினையே திரும்ப மாட்டினார்கள்!

1958-ம் ஆண்டு டிசம்பர் 4-ந் தேதி கிளம்பினார்கள். ரோட்டின் மேல் தாழப் பறக்க, கீழே லாரி ஓட, குழாயை மேலே இழுத்துப் பெட்ரோல் நிரப்பிக்கொண்டார்கள். என்ஜினை நிறுத்தாமலே எண்ணெய் மாற்றவும் ஏற்பாடு இருந்தது.

39-வது நாள் ஜெனரேட்டர் கெட்டது. விளக்கு இல்லை, குளிருக்குக் கணப்பு இல்லை. பெட்ரோலைக் கையால் இறைத்தார்கள். ஆனால் மாக்னெட்டோவுக்கு வெளி மின்சாரம் தேவை இல்லையே! என்ஜின் நிற்கவில்லை.

நாளாக ஆக உள்ளே கரி படிந்து சக்தி குறைந்தது. பெட்ரோல் நிரப்பியபின் மேலே ஏறவே திணறியது. 1959-ம் ஆண்டு பிப்ரவரி 7-ந் தேதி இறங்கினார்கள். பறந்த நேரம் 64 நாள், 22 மணி, 19 நிமிடம்.

அந்த விமானம் இப்போது லாஸ் வேகாஸ் விமான நிலையத்தில், பயணிகள் பெட்டி வாங்கும் கூடத்தின் மேலே தொங்குகிறது.