மலர்க்காட்சியில் ஒரு தேனீப் பாடம்

வண்டு, தும்பி, சுரும்பு, ஞிமிறு எனப் பூவை நாடும் சிற்றுயிர்களுக்குப் பல பெயர்களை வழங்கினர் நம் முன்னோர். குறுந்தொகையின் 2ஆம் பாடல் தும்பியை விளித்து, பூக்களின் மணம் பற்றி அதனிடமே வினவுகின்றது. பூவை நன்கறிந்தது தும்பியே என்பது அவர்தம் துணிபு போலும்!

உதகை தாவரவியல் பூங்கா, மெக்ஐவர் என்னும் தோட்டக்கலைஞர் 1848ஆம் ஆண்டு பொறுப்பேற்று உருவாக்கியதாகும். மே மாதத்தில் அங்கு நிகழும் மலர்க்காட்சிக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் நாம், மலர்களைக் காட்டி மகிழ்கின்றோம். ஆயின் தேனீயொன்று பறந்து வந்தால், "கொட்டிவிடும், வா" எனக் கையைப் பற்றி இழுக்கின்றோம். நல்லதொரு பாடம் தொடங்குமுன்னரே முடிந்துவிடுகின்றது.

தேன்கூட்டை அணுகலாகாது, அதனைக் காக்கவே தேனீ சீறும். மலரில் மேயும் தேனீயோ, பிடித்தாலன்றி அல்லது நசுக்கினாலன்றிப் பெரும்பாலும் கொட்டுவதில்லை. எனவே சற்றே விலகி நின்று, ஒரு பாத்தியை ஐந்து நிமிடம் உற்றுநோக்குமாறு பிள்ளைகளிடம் கூறுவோம்.

இதழ்கள் அடுக்கடுக்காகச் செறிந்து நம் கண்ணைக் கவரும் பூக்கள் பலவற்றைத் தேனீ கடந்து சென்றுவிடுவதை அவர்கள் காண்பர். காரணம் யாது? அத்தகைய பூக்கள் பலவற்றில் மகரந்தத் தாள்களே இதழ்களாக மாறியுள்ளன. ஆதலின் அங்கு மகரந்தம் அரிது. தேன் இருப்பினும் எட்டுவது கடினம். ஓரடுக்கு இதழுடைய எளிய பூவையே தேனீ நாடும். நம் கண்ணுக்கு விருந்தாவது அதன் வயிற்றுக்கு விருந்தாவதில்லை.

தேனீயின் பின்னங்கால்களில் திரண்டிருக்கும் உருண்டை, கூட்டிலுள்ள இளம்புழுக்களை வளர்ப்பதற்கான மகரந்தம். அதனைத் திரட்டுகையில் உடல்மயிரில் ஒட்டிய தூள் அடுத்த பூவின் சூல்முடியில் படிகின்றது. பூசணியில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. இடையே தூது செல்வார் இல்லையேல் பிஞ்சு வெம்பி உதிரும். கத்தரிப்பூவின் மகரந்தப்பை நுனியில் சிறு துளையே உண்டு. தச்சுத்தேனீ அதனைப் பற்றிக்கொண்டு, தன் உடலை அதிரச் செய்து தூளை உதிர்க்கும். அடுக்குத் தேனீ அவ்வித்தை அறியாது. தேன் தருவது மட்டுமன்று, பிற தேனீக்களும் நமக்கு வேண்டும் என்பதற்கு இஃதொரு சான்று.

ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2017ஆம் ஆண்டு, மே 20ஆம் நாளை உலகத் தேனீ நாளாக அறிவித்தது. மலர்க்காட்சி நிகழும் அதே மாதம்! அந்நாளில் விழா எடுப்பதினும், வீட்டில் ஒரு துளசிச் செடியைப் பூக்க விடுவதும், வேலியோரத் தும்பையைக் களையெனப் பிடுங்காதிருப்பதும், செடிகள் பூத்திருக்கும் வேளையில் பூச்சிமருந்து தெளிக்காதிருப்பதும் பயன் மிக்கவை.

மலர்க்காட்சியிலிருந்து திரும்பும் பிள்ளை, "இது கொட்டுமா?" என்பதை விடுத்து, "இது எந்தப் பூவிலிருந்து வருகின்றது?" என்று கேட்குமாயின், நாம் அழைத்துச் சென்றதன் பயன் கிட்டியதாகும்.