மரக்கட்டை அச்சில் கவிதை எழுதும் பெண்கள்

ஜப்பானில் எடோ காலத்தில் (1603–1868) மரக்கட்டையில் செதுக்கித் தாளில் ஒற்றி எடுத்த படங்களுக்கு 'உக்கியோ-எ' என்று பெயர். நடிகர், மல்லர், மலைக்காட்சி ஆகியவற்றோடு, தூரிகை பிடித்துக் கவிதை எழுதும் பெண்ணும் இவற்றில் அடிக்கடி இடம்பெறுவாள்.

ஓவியர் மெல்லிய தாளில் வரைந்து தருவார். செதுக்குபவர் அதைக் காட்டுச் செர்ரிப் பலகையில் கவிழ்த்து ஒட்டி, கோடுகளை மட்டும் நிறுத்திவிட்டு மற்ற இடத்தை வெட்டி எடுப்பார். நிறத்துக்கொரு கட்டை. அச்சிடுபவர் கட்டையில் நிறம் தடவி, கோசோ மரப்பட்டை நாரில் செய்த தாளை விரித்து, மூங்கில் மடல் சுற்றிய 'பாரென்' என்ற வட்டத் தேய்ப்பானால் முதுகுப்புறம் தேய்ப்பார். கட்டையோரத்துக் 'கென்தோ' என்னும் வெட்டில் தாளைப் பொருத்தி வைப்பதால் ஒரு நிறம் மற்றொன்றின்மேல் ஏறாது. 1765இல் சுசுகி ஹருநோபு இம்முறையில் பல நிறப் படங்களை வெளியிட்டுப் புகழ்பெற்றார்.

படத்துப் பெண் பெரும்பாலும் தாழ்வான மேசையருகே மண்டியிட்டிருப்பாள். பக்கத்தில் மைக்கல்; மைக்கட்டியை நீர் விட்டு அதில் உரைத்தால் மை தயார். சில படங்களில் மேசை இராது. 'தன்சாகு' என்ற நீண்ட ஒடுங்கிய தாளை இடக்கையில் ஏந்தி மேலிருந்து கீழாக எழுதுவாள். ஏழாம் மாதம் ஏழாம் நாள் வரும் தனபாத்தா விழாவில் இத்தாள்களை மூங்கில் கிளையில் கட்டித் தொங்கவிடுவது வழக்கம். அன்று சந்திப்பதாகக் கதை கூறும் விண்மீன்கள் இரண்டில் ஒன்று, நம் திருவோணம்.

ஓவியர்கள் திரும்பத் திரும்ப வரைந்த புலவர் 9ஆம் நூற்றாண்டின் ஓனோ நோ கொமாச்சி. அரண்மனைப் போட்டிக்கு அவர் இயற்றிய பாடலை ஒட்டுக்கேட்ட ஒருவன், அதைப் பழைய ஏட்டில் எழுதிவைத்துத் திருட்டுப் பாடல் என்று குற்றம் சாட்டினானாம். கொமாச்சி ஏட்டைத் தண்ணீரில் கழுவ, புதிதாக எழுதியது மட்டும் கரைந்துபோயிற்று. நம் பனையோலைச் சுவடிக்கு இந்தக் கதை பொருந்தாது. எழுத்தாணி ஓலையைக் கீறிவிடும், மை தடவும் மையாடல் பிறகுதான். கழுவினால் மை போகலாம், கீறல் போகாது.

1784இல் கித்தாவோ மசனோபு, எடோ நகரின் யோஷிவாராப் பகுதிக் கணிகையரை வரைந்து, அவரவர் கவிதையை அவரவர் கையெழுத்திலேயே சேர்த்து ஒரு தொகுப்பு செய்தார். பதிப்பித்தவர் சுதாயா ஜூசபுரோ. தூரிகையின் தடிப்பும் மெலிவும் மாறாமல் அந்த எழுத்தை மரத்தில் வெட்டியது செதுக்குபவரின் கை. ஓவியர் பெயரும் பதிப்பாளர் முத்திரையும் உக்கியோ-எ படங்களில் இருக்கும். செதுக்கியவர் பெயர் பெரும்பாலும் இராது.