அந்தாட்டிக்கக் கிறில்

அந்தாட்டிக்கக் கிறில் என்பது தென்முனைப் பெருங்கடலில் பெருங்கூட்டங்களாக வாழும், இறாலைப் போன்ற சிறிய கணுக்காலி ஆகும். இது சுமார் 6 செ.மீ. நீளமும் 2 கிராம் எடையும் வரை வளரக்கூடியது.

சூழலியல்

கிறில்கள் நீரை வடிகட்டி, அதில் மிதக்கும் நுண்பாசிகளை உண்கின்றன. நீலத் திமிங்கிலம், அடேலி பென்குயின் முதலியன கிறில்களையே பெரிதும் உண்டு வாழ்கின்றன. நண்டுண்ணி எனப் பெயர் பெற்ற சீல்களின் முதன்மை உணவும் கிறிலே ஆகும். குளிர்காலத்தில் இளம் கிறில்கள் கடற்பனியின் அடிப்புறத்தில் வளரும் பாசிகளை உண்டு உயிர் பிழைக்கின்றன. எனவே கடற்பனி குறையும்போது அவற்றின் உணவும் மறைவிடமும் குறைகின்றன.

பிடிப்பும் பாதுகாப்பும்

மீன் தீவனத்திற்காகவும் எண்ணெய்க்காகவும் கிறில்கள் பிடிக்கப்படுகின்றன. 1982 இல் நடைமுறைக்கு வந்த அந்தாட்டிக்கக் கடல்வாழ் உயிர்வளப் பாதுகாப்பு உடன்படிக்கை, கிறிலை உண்ணும் உயிரினங்களையும் கருத்திற் கொண்டு பிடிப்பைக் கட்டுப்படுத்துகிறது. தென்மேற்கு அத்திலாந்திக் பகுதிக்கான ஆண்டு எல்லை 620,000 டன் ஆகும். இது அப்பகுதியிலுள்ள கிறில்களின் மதிப்பிடப்பட்ட நிறையில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கே. எனினும், பென்குயின்களும் திமிங்கிலங்களும் இரை தேடும் இடங்களிலேயே கப்பல்கள் குவிவது சிக்கலாக உள்ளது. பிடிப்பைப் பல உட்பகுதிகளுக்குப் பகிர்ந்தளித்த விதி 2024 இல் காலாவதியானது. 2025 இல் முதன்முறையாக முழு எல்லையும் எட்டப்பட்டு, ஆகத்து மாதத்தில் பிடிப்பு முன்கூட்டியே நிறுத்தப்பட்டது.