குதிருக்குள் புகுந்த சட்டம்

களத்தில் நெல் குவிந்தவுடனே, விற்பதையும் உண்பதையும் பற்றி நினைப்பதற்கு முன்பாக, நன்றாக முற்றித் திரண்ட மணிகளைத் தெரிந்தெடுத்து அடுத்த போகத்துக்கென்று குதிரில் ஒதுக்கி வைக்கும் குடியானவன், அந்தக் காரியத்துக்குச் சர்க்காரின் சம்மதம் வேண்டுமென்று எக்காலத்திலும் எண்ணியவனல்லன். அப்படி எண்ண வேண்டிய நிர்ப்பந்தத்தைக் கொண்டுவந்தது 1995-இல் பிறந்த உலக வர்த்தக ஸ்தாபனம். அதன் அறிவுசார் சொத்துரிமை உடன்படிக்கையின் 27-ஆவது ஷரத்து, அங்கத்தினரான ஒவ்வொரு தேசமும் பயிர் ரகங்களுக்குக் காப்புரிமையாலோ, தனிச் சட்டத்தாலோ, இரண்டும் சேர்ந்தோ பாதுகாப்பளித்தே தீர வேண்டுமென்று விதித்தது. ஐரோப்பியர் 1961-இல் தங்களுக்குள் செய்துகொண்டு, 1991-இல் ரகத்தை உருவாக்கியவருக்கு மேலும் சாதகமாகத் திருத்திக்கொண்ட 'யூபோவ்' என்னும் உடன்படிக்கை, அப்படியே ஏற்றுக்கொள்வதற்குத் தயாராகத்தான் இருந்தது. நம் பார்லிமெண்டு அதில் சேராமல், 2001-இல் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டத்தைத் தானே இயற்றிக்கொண்டது பாராட்டத்தக்க சுயபுத்தியே ஆகும்.

அச்சட்டத்தின் ஜீவநாடி 39-ஆவது பிரிவு. பிறர் பெயரில் பதிவான ரகமாகவே இருந்தாலும், விவசாயி தன் நிலத்தில் விளைந்த விதையைச் சேமிக்கலாம், விதைக்கலாம், மறுபடி விதைக்கலாம், பரிமாறிக்கொள்ளலாம், விற்கவும் செய்யலாம். அந்த ரகத்தின் பெயரை ஒட்டிப் பொட்டலமாக விற்பது ஒன்றுதான் கூடாது என்று அது சொல்கிறது. சொன்னபடி விளையாத விதைக்கு நஷ்டஈடு கேட்கவும், தெரியாமல் இழைத்த மீறுதலுக்குத் தண்டனையிலிருந்து தப்பவும் அச்சட்டத்தில் வழியுண்டு.

ஆயினும், ஏட்டில் இருக்கும் உரிமை வயலுக்கு வந்து சேர்வது வேறு விஷயம். 2019-இல் குஜராத்தில், வறுவலுக்கென்று வளர்க்கப்படும் எஃப்.எல். 2027 என்ற உருளைக்கிழங்கைத் தன் சம்மதமின்றிப் பயிரிட்டார்கள் என்று பெப்சிகோ கம்பெனி நான்கு விவசாயிகள் மீது, தலைக்கு ஒரு கோடி ரூபாய்க்கும் மேல் கேட்டு வழக்குத் தொடுத்தது. நாடெங்கும் எழுந்த கண்டனத்தால் அவ்வழக்கு சில வாரங்களிலேயே வாபஸாயிற்று. விவசாயிகளின் உரிமைக்காகப் பாடுபடும் கவிதா குருகந்தி என்னும் அம்மையார் செய்த மனுவின் மீது, 2021 டிசம்பரில் அந்த ரகத்தின் பதிவே ரத்தாயிற்று. 2023-இல் தில்லி உயர்நீதிமன்றத்தின் தனி நீதிபதி அந்த ரத்தைச் சரியென்றார். 2024 ஜனவரியில் அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அடங்கிய பெஞ்சு அதைத் தள்ளிக் கம்பெனிக்குப் பதிவை மீட்டுத் தந்தது. 39-ஆவது பிரிவு தெளிவாக இருந்தும் விவசாயி கோர்ட்டுப் படியேற வேண்டியிருந்ததென்றால், கூக்குரல் எழுப்ப ஆளில்லாத ஊரில் என்ன நடந்திருக்கும் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

நாட்டு ரகங்களின் சங்கடமோ இன்னும் சூட்சுமமானது. பதிவு பெற, ரகம் மற்றவற்றிலிருந்து வேறுபட்டதாய், ஒரே சீரானதாய், தலைமுறைதோறும் மாறாததாய் இருக்க வேண்டும். வெள்ளத்தில் நிமிர்ந்து நிற்கும் காட்டுயானமும், உவர் நிலத்தில் விளையும் குழியடிச்சானும் ஊருக்கு ஊர் சற்றே பேதப்பட்டு வளர்வதனால்தான் இத்தனை நூற்றாண்டுகள் பிழைத்தன. சீர்மையைக் கேட்கும் சட்டம் அவற்றின் பலத்தையே குறையாகக் கணக்கிடுகிறது. விவசாயிகள் ரகத்துக்குப் பதிவுக் கட்டணமில்லை, சீர்மையின் அளவும் சற்றுத் தளர்த்தப்பட்டிருக்கிறது என்பவை உண்மையே. ஆனால் ஒரு ஜில்லா முழுவதும் பேணி வந்த நெல்லை ஒருவர் தம் பெயரில் எழுதிக்கொள்வது நியாயமாகுமா என்பது என் சந்தேகம். திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில் 2006 முதல் விதைத் திருவிழா நடத்திய நெல் ஜெயராமன், இரண்டு கிலோ விதை வாங்கிச் சென்றவர் மறு வருஷம் நான்கு கிலோவாகத் திருப்பித் தரவேண்டும் என்ற ஒரே நிபந்தனையால், 2018-இல் மறையும் முன் 174 பாரம்பரிய நெல் வகைகளை மீட்டெடுத்தார். விதை கை மாறிக்கொண்டே இருந்ததுதான் அங்கே பாதுகாப்பு; எவருக்கும் தனிப் பாத்தியதை தேவைப்படவில்லை.

ஆகவே நாட்டு விதைக்கு வேண்டுவது, பிறர் அதை அபகரிக்க முடியாதபடி செய்யும் சாட்சியமே. அதற்கு இடமளிப்பது, 2002-இல் வந்த உயிரியல் பன்மைச் சட்டம். அதன்படி உள்ளாட்சிதோறும் ஒரு மேலாண்மைக் குழு அமைந்து, அவ்வூரின் பயிர்களையும் அவற்றைப் பற்றிய அறிவையும் மக்கள் பதிவேட்டில் எழுத வேண்டும். முன்பே உலகறிந்த ரகத்தைப் புதிதென்று பதிவு செய்ய முயல்வோருக்கு எதிராக, அந்த ஏடு நல்ல ஆதாரமாகும். சென்னையில் தலைமையகம் கொண்ட தேசிய ஆணையம் இதை மேற்பார்க்கிறது என்றாலும், எழுதும் வேலை ஊராருடையது. அடுத்த கிராம சபையில் அந்தப் பதிவேட்டை எடுத்துக் காட்டச் சொல்லிப் பார்த்து, உங்கள் ஊர் நெல்லின் பெயர் அதில் இல்லையாயின் அன்றைக்கே தீர்மானம் போட்டு எழுதுவிக்குமாறு, கிராமங்களில் வாழும் வாசகர்களை வேண்டிக்கொள்கிறேன்.